பொனோசாவின் ஊசி: அவார் ஆட்சியில் வாழ்ந்த ஒரு கலப்புக் கிறித்தவச் சமூகம்

பொன்னாலான ஓர் ஊசி. ஆடையை மார்பருகே செருகி நிறுத்துவதற்குப் பெண்கள் பயன்படுத்தியது. அதில் ஆறு இலத்தீன் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. சேர்த்துப் படித்தால் ‘பொனோசா’ என்ற பெண்பெயர் கிடைக்கிறது. ஹங்கேரியின் மேற்குப் பகுதியில், பலாட்டன் ஏரியின் தென்மேற்கு முனையில் கெஸ்ட்ஹெய் என்ற நகரம் உள்ளது. அதையடுத்த ஃபெனேக்புஸ்தா என்னுமிடத்துக் கோட்டையில் தோண்டிய கல்லறைகளில் இந்த ஊசி கிடைத்தது.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தப் பகுதி ஒரு காலத்தில் ரோமானியர்களின் பன்னோனியா மாகாணம். இலத்தீன் பெயர் கிடைப்பது இயல்புதானே? காலத்தைப் பார்க்கும்போதுதான் வியப்பு வருகிறது. அந்தக் கல்லறைகள் 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. ரோமானிய ஆட்சி அங்கிருந்து நீங்கி நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. அப்போது அந்த மண்ணை ஆண்டவர்கள் அவார்கள். கிழக்கிலிருந்து குதிரைமேல் வந்த, கிறித்தவரல்லாத புல்வெளி மக்கள். அவர்களது ஆட்சியின் கீழ் ஒரு பெண் இலத்தீன் எழுத்தில் தன் பெயரைப் பொன்னில் பொறித்து அணிந்திருக்கிறாள்; அவளைச் சேர்ந்தவர்கள் தேவாலயமும் வைத்திருக்கிறார்கள்.

நம் வகுப்பறைகளில் அவார்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே வரும். ஆனாலும் ‘ஒரு மக்கள் யார் என்பதை எந்தச் சான்றைக் கொண்டு சொல்வது?’ என்ற கேள்வியைச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் எதிர்கொள்கிறோம். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவார்களைப் பற்றிச் சுருக்கமாக. 567இல் அவர்களும் லொம்பார்டுகளும் சேர்ந்து, கார்பேத்திய மலைகள் சூழ்ந்த சமவெளியில் இருந்த கெபிடுகளின் அரசை வீழ்த்தினார்கள். அடுத்த ஆண்டே லொம்பார்டுகள் இத்தாலிக்குப் புறப்பட்டுவிட, சமவெளி முழுவதும் அவார்களின் கைக்கு வந்தது. அவர்களுடைய அரசரின் பட்டம் ‘ககான்’. அன்றைய ககானின் பெயர் பையான். இரும்பு அங்கவடியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்களே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பேரரசு இவர்களுக்கு ஆண்டுதோறும் பொற்காசுகளைக் கப்பமாகக் கட்டியது. 570களில் 80,000 காசாக இருந்த தொகை, 598இல் 1,20,000 ஆக உயர்ந்தது. 582இல் சாவா ஆற்றங்கரையிலிருந்த சிர்மியம் நகரம், நீண்ட முற்றுகைக்குப் பின் இவர்களிடம் வீழ்ந்தது. அந்த நகரத்தில் கிடைத்த ஓர் ஓட்டில், நகரைக் காக்கவும் அவார்களைத் தடுத்து நிறுத்தவும் கிறிஸ்துவை வேண்டி யாரோ ஒருவர் கிரேக்கத்தில் கீறி வைத்திருக்கிறார். எழுத்துப்பிழைகள் நிறைந்த அந்த வேண்டுதலின் முடிவில், எழுதியவனையும் காக்கும்படி ஒரு வரி வருகிறது. 626இல் அவார்கள் கான்ஸ்டாண்டிநோபிளையே முற்றுகையிட்டுத் தோற்றார்கள். 790களில் சார்லமேனின் படைகள் அவர்களது அரசை நொறுக்கின.

போர்களை வரிசைப்படுத்தினால் அவார் வரலாறு இப்படித்தான் தெரியும். கெஸ்ட்ஹெய் கல்லறைகள் காட்டுவது வேறொன்று.

ஃபெனேக்புஸ்தா கோட்டை 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டியது. ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, ஏறத்தாழச் சதுரமான மதில். அதிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் உருண்டைக் கோபுரங்கள் நாற்பதுக்கும் மேல். உள்ளே தானியக் களஞ்சியமும் பெரிய கட்டடங்களும் இருந்தன. மூன்று நடைக்கூடங்களும் மூன்று அரைவட்ட முகப்பறைகளும் கொண்ட ஒரு தேவாலயமும் இருந்தது. இன்றும் போனால் அதன் அடித்தளச் சுவர்களைப் பார்க்கலாம். களஞ்சியத்தை ஒட்டி ஒரு சிறிய இடுகாடு. செல்வாக்குள்ள குடும்பங்களின் இடுகாடு அது என்பதில் ஐயமில்லை. பொன்னும் வெள்ளியும் அங்கே கிடைத்தன.

அந்தப் பெண்களின் அணிகளைக் கவனியுங்கள். எழுத்தாணி போன்ற நீண்ட ஊசிகள். கூடை வடிவில் கம்பி வேலைப்பாடு கொண்ட காதணிகள். வட்டத் தகடாலான உடைப்பூட்டுகள். இவ்வகைப் பூட்டுகள் சிலவற்றில் கிறித்தவ உருவங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்கு ஒப்பானவை இத்தாலியிலும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலும் பைசாந்தியப் பேரரசின் நாடுகளிலும் கிடைக்கின்றன. மத்தியதரைக் கடல் உலகின் உடைமுறை இது. இதே பகுதியில் மேற்கே பிராங்குகளின் நாட்டு வழக்கை ஒத்த பொருள்களும் உண்டு. ஆண்களின் கல்லறைகளிலோ, குறிப்பாகப் பிந்தைய காலத்தில், அவார் பாணி இடைப்பட்டைகள் வருகின்றன: உலோகப் பூண்கள் வரிசையாகப் பதித்து, சிறு வார்கள் தொங்கவிட்ட பட்டை. அவார் உலகில் அது வெறும் அலங்காரமன்று. அணிந்தவரின் தகுதியைச் சொல்வது.

அதாவது, ஒரே இடுகாட்டில் மனைவி ரோமானிய வழக்கப்படி அணிந்திருக்கிறாள். கணவனோ அவார் வழக்கப்படி. இவர்கள் யார்?

கெஸ்ட்ஹெய் நகரைச் சுற்றியுள்ள இடுகாடுகளை 1880களில் பெரிய அளவில் தோண்டியவர் வில்மோஷ் லிப் என்ற துறவி-ஆசிரியர். (ஊரின் பழம்பொருளை ஆராய்ந்தவர்களில் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் எல்லா நாட்டிலும் நீண்ட பட்டியலே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.) அவர் காலம் முதல் இன்றுவரை இந்தக் கேள்விக்கு மூன்று விதமான விடைகள் சொல்லப்பட்டுள்ளன. ஒன்று, இவர்கள் ரோமானிய ஆட்சி போன பின்னும் ஊரைவிட்டுப் போகாமல் தங்கிவிட்ட பழைய பன்னோனியர்களின் வழிவந்தவர்கள். பன்னோனியாவில் 4ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவம் வேரூன்றியிருந்தது. புனித மார்ட்டின் பிறந்தது இதே மாகாணத்துச் சவாரியா நகரில்தான். இரண்டாவது, இவர்கள் இத்தாலியிலிருந்தோ ஆல்ப்ஸ் பகுதியிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். மூன்றாவது, அவார்கள் பால்கன் நாடுகளைச் சூறையாடியபோது பிடித்துவந்த பேரரசுக் குடிமக்கள்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே கோட்டைக்குள் மூன்று வகையினரும் வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டு தலைமுறை கடந்தால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது அவர்களுக்கே மங்கிப்போயிருக்கும். காதணி மட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கும். உண்மையில் அதுதான் நடந்தது. 7ஆம் நூற்றாண்டின் முதற்பாதிக்குப் பின் கோட்டைக்குள் அந்தச் செல்வக் குடும்பங்களின் கல்லறைகள் நின்றுவிடுகின்றன. 626 தோல்விக்குப் பின் அவார்களிடையே மூண்ட உள்நாட்டுப் போரில் இவர்கள் தோற்ற பக்கத்தோடு நின்றிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எப்படியோ, சுற்று வட்டார இடுகாடுகளில் கூடைக் காதணியும் எழுத்தாணி ஊசியும் தொடர்கின்றன. ஆனால் பொன் இல்லை, வெள்ளி குறைவு, பெரும்பாலும் வெண்கலம். வடிவமும் மாறிப் பெரிதாகிறது. மத்தியதரைக் கடலோடு தொடர்பு அறுந்துபோன பின்னும் உள்ளூர்க் கொல்லர்கள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள்.

பொருள்கள் பேசும், ஆனால் பெயர் சொல்லாது, காரணம் சொல்லாது. இங்கே எழுத்துச் சான்று ஒன்று கைகொடுக்கிறது. அது கெஸ்ட்ஹெய்யைப் பற்றியதன்று. தெற்கே, சிர்மியம் பகுதியில் வாழ்ந்த இதைப்போன்ற இன்னொரு சமூகத்தைப் பற்றியது.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கா நகரத்தில் ‘புனித தெமெத்ரியுவின் அற்புதங்கள்’ என்ற தொகுப்பு எழுதப்பட்டது. நகரின் காவலராகக் கருதப்பட்ட புனிதரின் பெருமையைச் சொல்வது அதன் நோக்கம். அதன் இரண்டாம் பகுதியில் வரும் கதை இது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவார்கள் பால்கன் மாகாணங்களை அழித்து, திரளான மக்களைச் சிறைப்பிடித்துச் சிர்மியத்துக்கு அப்பால் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்கள் பல்கர்களோடும் அவார்களோடும் பிற மக்களோடும் மணவுறவு கொண்டார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், புதிதாக ஒரு மக்கள் திரளே உருவாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. இருந்தும் தங்கள் முன்னோர் ரோமானியப் பேரரசின் குடிகள், கிறித்தவர்கள் என்ற நினைவைத் தந்தையர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள் என்கிறது அந்த நூல்.

ககான் இந்த மக்களைத் தனிப் பிரிவாக ஏற்றுக்கொண்டு, குபேர் என்பவரை அவர்களுக்குத் தலைவராக அமர்த்தினார். (மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: நம் குபேரனுக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல்கர் தலைவர் இவர்.) 680களை ஒட்டி, ஊர் திரும்பவேண்டும் என்ற மக்களின் ஏக்கத்தை அறிந்த குபேர் ககானுக்கு எதிராக எழுந்தார். ஐந்தாறு போர்களில் வென்று, மக்களை அழைத்துக்கொண்டு டான்யூபைக் கடந்து தெற்கே வந்தார்.

இனிமேல்தான் கதை சுவையாகிறது. வந்தவர்கள் தெசலோனிக்காவுக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் திரேசுக்கும், அவரவர் மூதாதையர் ஊருக்குப் பிரிந்துபோக விரும்பினார்கள். பிரிந்துபோனால் குபேருக்குத் தலைமை ஏது? ஆகவே, மக்களைக் கலைக்காமல் தன்னிடமே விட்டுவைக்கும்படி பேரரசரிடம் கேட்டார். ஆனாலும் பலர் நழுவித் தெசலோனிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு குபேர் தம் நம்பிக்கைக்குரிய மாவ்ரோஸ் என்பவரை, நகருக்குள் அகதிபோல நுழைந்து உள்ளிருந்தே அதைப் பிடிக்க அனுப்பினார். மாவ்ரோஸுக்கு நான்கு மொழிகள் தெரியும்: கிரேக்கம், இலத்தீன், ஸ்லாவிய மொழி, பல்கர் மொழி. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில் நகரைப் பிடிக்கும் திட்டம் பலிக்கவில்லை. ஆனால் மாவ்ரோஸ் உடனே தண்டனை பெறவில்லை. பேரரசின் பதவி பெற்றார். அவருடையதாகக் கருதப்படும் ஈய முத்திரை ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் அவர் ‘செர்மேசியர்களுக்கும் பல்கர்களுக்கும் தலைவர்’ என்று குறிக்கப்படுகிறார். செர்மேசியர் என்றால் சிர்மியத்துக்காரர். பால்கன் ஊர்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கடைசியில் அவார் நாட்டில் இருந்த ஊரின் பெயரே இனப்பெயராகிவிட்டது!

இந்தச் சான்றையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எழுதியவர் தெசலோனிக்காவின் ஆள், திருச்சபையைச் சேர்ந்தவர். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த எபிரேயர்களோடு இந்த மக்களை ஒப்பிட்டு எழுதுகிறார். விவிலியக் கதையின் அச்சில் வார்க்கும்போது ஊர் ஏக்கம் பெரிதாகவும், அங்கேயே நிம்மதியாக வாழ்ந்தவர்களின் கதை சிறிதாகவும் ஆகிவிடும். குபேரோடு வராமல் தங்கிவிட்டவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கெஸ்ட்ஹெய்க் கல்லறைகளோ ஊர் திரும்பாதவர்களின் சான்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ககான் இவர்களை ஏன் விட்டுவைத்தார்? மேய்ச்சலும் போரும் தெரிந்த ஆளும் வகுப்புக்கு உழவரும் கொல்லரும் தேவை; ஏரிக்கரைக் களஞ்சியத்தை நிரப்ப ஆள் தேவை. புல்வெளி அரசுகள் பொதுவாகக் குடிகளிடம் கேட்டது கப்பமும் படைக்கு ஆளும்; எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாய் என்பதை அவை பெரிதாகக் கேட்கவில்லை. இதைச் சகிப்புத்தன்மை என்று புகழ எனக்குத் தயக்கம். சிறைப்பிடித்து ஊர்விட்டு ஊர் கொண்டுபோனவர்களும் அவர்கள்தாம். அக்கறையின்மை என்பதே பொருத்தமான சொல்.

அக்கறையின்மையின் கீழ் ஒரு சமயம் எப்படி வாழும்? ஆயரில்லை, நூல்கள் அரிது, புதிய குருக்களுக்குப் பயிற்சியில்லை. இதற்கு 796ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று மறைமுகமாக விடை தருகிறது. சார்லமேனின் மகன் பிப்பின் அவார்களை அடக்கியபோது, அவருடன் சென்ற ஆயர்கள் டான்யூப் கரையில் கூடினார்கள். அக்குவிலேயாவின் பௌலினுஸ் அதில் முதன்மையானவர். அவார்களுக்கு எப்படித் திருமுழுக்குக் கொடுப்பது என்பது பேச்சு. அப்போது ஒரு சிக்கல் எழுந்தது: அந்த நாட்டில் ஏற்கெனவே எழுத்தறிவில்லாத குருக்களிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அது செல்லுமா? உரிய முறைப்படி மந்திரம் சொல்லாமல் நீர் மட்டும் ஊற்றப்பட்டிருந்தால் மீண்டும் தரவேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் குருக்கள் யாரென்று ஆவணம் சொல்லவில்லை. ஆனால் ஆயர்கள் வருவதற்கு முன்பே அங்கே கிறித்தவர்கள் இருந்தார்கள், படிப்பறிவில்லாத யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த அளவில் சடங்கை நடத்திக்கொண்டிருந்தார் என்பது தெளிவு. அறிஞர் அல்குயின் அதே காலத்தில், புதிதாக நம்பியவர்கள்மேல் பத்திலொரு பங்கு வரியைச் சுமத்தாதீர்கள் என்று கடிதம் எழுதினார். சாக்சன்களிடம் அந்த வரி செய்த கேடு அவருக்குத் தெரியும்.

அண்மைக்கால மரபணு ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைத் தெளிவாக்கியும் இருக்கின்றன, குழப்பியும் இருக்கின்றன. அவார் மேட்டுக்குடியினரின் வேர் மங்கோலியப் புல்வெளி வரை நீள்வதை 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, வியன்னாவுக்குத் தெற்கே மோட்லிங், லியோபர்ஸ்டோர்ஃப் என்ற இரண்டு அவார் கால இடுகாடுகளை ஒப்பிட்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே பாணிப் பட்டைகள், ஒரே அடக்க முறை; தொல்லியல் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் ஓர் ஊராரின் மரபுவழி பெரும்பாலும் கிழக்காசியம். மற்ற ஊராருடையது ஐரோப்பியம். பல தலைமுறைகளாக இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை ஏறத்தாழ இல்லை. சண்டை நடந்ததற்கான காயங்களும் எலும்புகளில் இல்லை. இரு ஊராரும் தங்களை அவார்கள் என்றே கருதியிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

கெஸ்ட்ஹெய்யில் ஒரே இடுகாட்டில் இரண்டு உடைமுறைகள். மோட்லிங், லியோபர்ஸ்டோர்ஃபில் ஒரே உடைமுறையில் இரண்டு மரபுவழிகள். அணிந்ததும், வழிபட்டதும், யாருக்குப் பிறந்தார் என்பதும், யாருக்குப் படைவீரராகச் சென்றார் என்பதும் நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடையை வைத்து மற்றதை நிரப்பும் பழக்கம் நம் வினாத்தாள்களில்கூட இருக்கிறது. ‘இப்பொருளைப் பயன்படுத்திய இனம் எது?’ என்று ஒற்றைச் சொல் விடை கேட்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் இதை நான் ஒரு பாடவேளைப் பயிற்சியாக நடத்துகிறேன். கரும்பலகையில் மூன்று சான்றுகள்: பெயர் பொறித்த ஊசி, பூண் பதித்த பட்டை, மாவ்ரோஸுக்கு நான்கு மொழி தெரியும் என்ற வரி. குழுவுக்கு ஒரு சான்று. ‘இதிலிருந்து உறுதியாகத் தெரிவது என்ன? ஊகிக்கக்கூடியது என்ன? தெரியவே தெரியாதது என்ன?’ என்று மூன்று பத்திகளாக எழுதச் சொல்வேன். முதல் பத்தியை நிரப்புவதுதான் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. ‘அவள் ரோமானியப் பெண்’ என்று உடனே எழுதிவிடுவார்கள். ஊசியைச் செய்தவர், வாங்கியவர், அணிந்தவர், அவளோடு அதைப் புதைத்தவர் என நான்கு பேராக இருக்கலாமே என்று கேட்டால் பேனா நின்றுவிடும். பொனோசா ஊசியை அணிந்தவளின் பெயரா, அவள் தாயின் பெயரா என்று ஒரு குழு விவாதிக்கத் தொடங்கினால் அன்றைய வகுப்பை அவர்களிடமே விட்டுவிடலாம். தொடக்க வகுப்புகளில் இதையே எளிமையாக்கி, ஒரு பையில் நான்கு வீட்டுப் பொருள்களைப் போட்டு ‘இந்தப் பையின் சொந்தக்காரர் யார்?’ என்று கேட்கலாம்.

வகுப்பு முடிவில் வரைபடத்தில் கெஸ்ட்ஹெய்யைக் காட்டுவேன். அவார்களுக்குப் பின் ஸ்லாவியர்கள், பிராங்குகள், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரியர்கள் என ஆட்சிகள் மாறின. இன்று அங்கே பேசப்படுவது ஹங்கேரிய மொழி. ஊரின் பெயர் மட்டும் ‘கோட்டை’ எனப் பொருள்படும் ‘காஸ்டெல்லும்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, ஸ்லாவிய வாய்களின் வழியாக வந்தது என்பது மொழியியலாளர்கள் பலரின் முடிவு. ‘யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் சார்?’ என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்பார். அடுத்த பாடவேளை அங்கிருந்து தொடங்கும்.